உப்பு வயலுக்கு வாங்கிய மூன்று விதைநெல்: குழியடிச்சான், திருச்சி 3, அண்ணா 4

"உப்பு தாங்குற விதை இருக்கா?" என்று மட்டும் கேட்டு விதை வாங்காதீர்கள். எந்த உப்பு, பயிரின் எந்தப் பருவத்தில் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். போன சம்பாவில் எங்கள் வயலில் மூன்று ரகம் போட்டு, நாற்று முதல் சோறு வரை பார்த்த பிறகு இதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. மூன்றுமே நல்ல விதைதான். ஆனால் ஒன்றின் வயலில் இன்னொன்றைப் போட்டால் வைக்கோல்தான் மிஞ்சும்.

எங்கள் ஊர் தலைஞாயிறு பக்கம். அரிச்சந்திரா நதிப் பாசனம், கடைமடை. மேட்டூரை ஜூன் 12ஆம் தேதியே திறந்தாலும் எங்கள் மடைக்குத் தண்ணீர் எட்டிப் பார்ப்பதற்குள் மேலே தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை தூர் கட்டியிருக்கும். எங்களுக்குச் சம்பா ஒரு போகம்தான். அதுவும் பாதி ஆற்றை நம்பி, பாதி ஐப்பசி மழையை நம்பி. ஆற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களில் கடல்நீர் வாய்க்கால் வழியாக உள்ளே ஏறும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். சாகுபடியை நானும் மாமனாருமாகப் பார்க்கிறோம். கல்லூரியில் தாவரவியல் படித்தேன். அதனால் விதைப் பையைப் பார்க்கும்போது விலைக்கு முன்னால், இந்தப் பயிர் உப்பை உள்ளே வாங்கி என்ன செய்கிறது என்ற கேள்விதான் எனக்கு வரும்.

வயல் மூன்று விதமாக இருக்கிறது. உப்பாற்றை ஒட்டியது பள்ளவயல். கோடையில் அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். வீட்டுக்குப் பின்னால் இருப்பது போர்வயல். பல வருடம் ஆழ்துளைக் கிணற்றுப் போர்த் தண்ணீரே பாய்ந்து மண் இறுகிப் போனது. மூன்றாவது, வாய்க்கால் எட்டாத மேட்டுத் துண்டு, வானம் பார்த்தது.

விதை வாங்குவதற்கு முன் மூன்று மண்ணையும் தனித்தனியாக எடுத்து அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தோம். பள்ளவயலில் காரத்தைக் காட்டும் பிஎச் 7.8, உப்பைக் காட்டும் ஈசி 3க்கு மேல். போர்வயலில் பிஎச் 8.9, ஈசி 1க்குக் கீழே. ஊரில் இரண்டையும் 'உப்பு வயல்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் இரண்டும் வேறு வேறு நோய். பள்ளவயல் உவர். அங்கே உப்பு தண்ணீரில் கரைந்து கிடக்கிறது. நல்ல தண்ணீர் நிறுத்தி வடித்துவிட்டால் உப்பும் கூடவே போகும். போர்வயல் களர். அங்கே சோடியம் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு மண்ணின் கண்ணை அடைத்துவிடுகிறது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. எவ்வளவு தண்ணீர் விட்டுக் கழுவினாலும் சோடியம் விட்டுப் போகாது. ஜிப்சம் போட்டு, அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்த பிறகுதான் வடிக்க வேண்டும். உவருக்கு ஜிப்சம் கொட்டுவது காசைக் கொட்டுவது.

மண் பரிசோதனை முடிவு எழுதிய அட்டையைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். நெல் ஈசி 3 வரை தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு எண் கூடும்போதும் மகசூல் நூற்றுக்குப் பன்னிரண்டு குறையும் என்று பாடப்புத்தகத்தில் வருவது, மண்ணைச் சேறாகக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றின் கணக்கு. பரிசோதனை நிலையத்தில் வழக்கமாக மண்ணைவிட அதிகமாகத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி அளப்பார்கள். அதில் எண் குறைவாகத்தான் காட்டும். அட்டையில் 2 என்று பார்த்துவிட்டு நம் வயலுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. எந்த முறையில் அளந்தது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், சொல்வார்கள்.

சரி, விதைக்கு வருகிறேன்.

முதலில் திருச்சி 3. தனியார் கடையில் வாங்கினேன். நீல அட்டை தைத்த சான்று விதை. நெல்லில் சான்று விதை என்றால் முளைப்பு நூற்றுக்கு எண்பதாவது இருக்க வேண்டும், ஈரப்பதம் 13க்கு மேல் போகக் கூடாது. ஈரச் சாக்கில் நூறு மணி பரப்பிப் பார்த்தேன். தொண்ணூறுக்கு மேல் முளைத்தது. நாற்றங்காலிலும் ஒரே சீராக எழுந்தது. விதைத் தரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடைக்காரரிடம்தான் எனக்கு மனக்குறை. "களரா உவரா?" என்று அவர் கேட்கவே இல்லை. நானாக மண் அட்டையை எடுத்துக் காட்டியபோதும், "ரெண்டும் உப்புதானேம்மா, இது எல்லாத்துக்கும் நிக்கும்" என்றார். எனக்கு முன்னால் வாங்கிப் போன இரண்டு பேரிடமும் அதையேதான் சொன்னார். அவர்கள் எந்த வயலில் போட்டார்களோ!

இந்த ரகம் பிறந்த இடத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியில் உருவாக்கி 2010இல் வெளியிட்டது. ஆடுதுறை 43க்கும் சீரகச் சம்பாவுக்கும் பிறந்த ரகம், வயது 135 நாள். அந்தக் கல்லூரி மண்ணே களர் மண். பெயரிலேயே திருச்சி என்று வரும் ரகங்கள் எல்லாம் அந்தக் களரில் தேறி வந்தவை.

போர்வயலில் அது அப்படியே தெரிந்தது. ஜிப்சம் போட்டு வடித்து, பசுந்தாள் உரமாக வளர்த்த தக்கைப்பூண்டை மடக்கி உழுது, துத்தநாக சல்பேட் தூவி நட்டோம். களரில் பிஎச் ஏறிப் போவதால் மண்ணில் துத்தநாகம் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. நட்ட இரண்டாம் மூன்றாம் வாரத்தில் இலையில் துருப் பிடித்த மாதிரி புள்ளி விழுவது அதனால்தான். இந்த முறை அந்தத் துரு விழவில்லை. தூர் நன்றாகக் கட்டியது. அறுவடையில் ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) எட்டு மூட்டை, அறுபது கிலோ மூட்டை. இதே போர்வயலில் முன்பு பொன்மணி ரகம் போட்டபோது ஐந்தைத் தாண்டியதில்லை. என் கணக்கில் களர் வயலுக்குத் திருச்சி 3க்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரிசி இட்லிக்கு ரொம்ப நன்றாக இருக்கிறது. மாவு நன்றாகப் பொங்கி வந்தது.

அதே நாற்றில் மிச்சத்தைப் பள்ளவயலில் ஒரு மா நட்டோம். கடைக்காரர் சொன்னது சரியா என்று பார்க்கத்தான். கார்த்திகை முடிகிற வரை ஒரு குறையும் இல்லை. ஐப்பசி மழை பள்ளவயல் உப்பை நன்றாக அலசிவிட்டிருந்தது. பயிரும் முற்றிய நாற்றாக நட்டது. இள நாற்றை உவரில் நடக் கூடாது. இரண்டு மூன்று இலைப் பருவத்து நாற்றுக்கு உப்பைத் தாங்கும் தெம்பு கிடையாது. தூர் கட்டும் பருவத்தில் நெல் ஓரளவு எதையும் தாங்கும். அதைப் பார்த்துவிட்டு மாமனாரே, "கடைக்காரன் சொன்னது நெசந்தான் போலருக்கு" என்றார்.

மார்கழியில் மழை நின்றது. வாய்க்காலிலும் தண்ணீர் இல்லை. பள்ளவயலில் தேங்கி நின்ற தண்ணீர் வற்ற வற்ற உப்பு கெட்டியாகிக்கொண்டே வந்தது. கீழிருந்தும் ஈரத்தோடு உப்பு மேலே ஏறியது. சரியாக அப்போதுதான் திருச்சி 3 தொண்டைக் கதிர், அதாவது கதிர் உறையை விட்டு வெளியே வரப்போகிற பருவம். கதிர் முழுசாக வெளியே வரவில்லை. வந்ததும் வெளுத்து நின்றது. பிடித்து உருவினால் கையில் பதர். மூன்று மூட்டைகூடத் தேறவில்லை.

கடைமடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெல்லுக்கு உப்பிலும் வறட்சியிலும் தாங்க முடியாத காலம் இரண்டு: ஒன்று நாற்றுப் பருவம், இன்னொன்று கதிர் உருவாகிப் பூக்கிற பருவம். நாற்றில் தாங்கும் ரகம் பூவிலும் தாங்கும் என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு குணமும் வேறு வேறு. "நாத்து நின்னுடுச்சு, இனி கவலையில்ல" என்று நம் ஆட்கள் சொல்வது அதனால்தான் பல தடவை பொய்த்துப் போகிறது. ஒரு ரகத்தை உப்புக்கு நிற்கும் என்று யார் சொன்னாலும், பூக்கும்போது எப்படி என்று கேட்டுவிடுங்கள். திருச்சி 3க்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது, அது 135 நாள் ரகம் என்பதால் உப்பு ஏறிய நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது. மார்கழியில் ஒரு நல்ல மழை பெய்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். ஆனால் எங்கள் கடைமடையில் அந்த மழையை நம்பி விதை வாங்க முடியாது.

அடுத்தது குழியடிச்சான். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்துப் பழைய ரகம். என் மாமனார் சின்ன வயதில் இதுதான் பள்ளவயலில் போட்டார்களாம். நடுவில் விதை அற்றுப் போனது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அண்ணன் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போய் வாங்கினோம். அவருக்கு விதை வந்தது, பாரம்பரிய நெல் விதைகளை மீட்டுப் பரப்பிய 'நெல்' ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவிலிருந்து. அங்கே 2 கிலோ வாங்கிப் போகிறவர் மறுவருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஜெயராமன் 2018 டிசம்பரில் காலமாகிவிட்டார். அவர் கையால் போன இரண்டு கிலோக்கள் இன்றைக்கும் டெல்டாவில் வயலுக்கு வயல் பெருகிக்கொண்டிருக்கின்றன. எங்கள் பள்ளவயலில் அது மறுபடி முளைத்ததை நினைத்தால் எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வருகிறது.

கிலோ எண்பது ரூபாய். சான்று விதையைவிட விலை கூடுதல்தான். அந்த அண்ணன் விதை கொடுப்பதற்கு முன் எங்கள் வயல் ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், கோடையில் உப்புப் பூக்குமா, போன வருடம் எந்த மாதத்தில் தண்ணீர் நின்றது என்று கேட்டார். "உவரா இருந்தா எடுத்துட்டுப் போங்க. களரா இருந்தா அதுக்கு வேற வெதை சொல்றேன்" என்றார். விதை விற்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். குறை என்று பார்த்தால் வேறு ரகக் கலப்பு. இடையிடையே வால் நெல் பயிர்கள் தலை தூக்கி நின்றன. கதிர் வந்ததும் வயலில் இறங்கிக் கலப்புப் பயிர்களை எல்லாம் பிடுங்கி எடுத்தோம். அட்டை இல்லாத விதைக்கு அந்த வேலை உண்டு என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

புரட்டாசியில் முதல் மழைக்குப் பிறகு புழுதியில் விதைத்தோம். முளைத்து மூன்று இலை விடுவதற்குள் மழை போய்விட்டது. மண் வெடித்தது, வெள்ளை பூத்தது. நாற்றுப் பருவத்தில் உப்பும் வறட்சியும் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. மத்தியானத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இலையும் ஊசி மாதிரி சுருண்டிருந்தது. சாயங்காலம் விரிந்துவிடும். மாமியார், "செத்துப்போச்சு, அழிச்சுட்டு வேற போடுங்க" என்றார்கள். எனக்கு அந்தச் சுருளைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது.

இலை சுருள்வது பயிர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வேலை. மண்ணில் ஈரம் குறைந்தாலும் சரி, ஈரம் இருந்து அதில் உப்பு ஏறினாலும் சரி, வேருக்கு முதலில் தெரிவது ஒன்றுதான்: தண்ணீரை இழுக்க முடியவில்லை. உப்புத் தண்ணீர் காலடியில் நின்றாலும் பயிருக்குத் தாகம்தான். உடனே அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது போய் இலைத்துளைகளை மூடச் சொல்கிறது. இலை சுருண்டு வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. புரோலின் மாதிரிப் பொருள்களை செல்லுக்குள் சேர்த்துவைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. இதுவரை உப்புக்கும் வறட்சிக்கும் ஒரே பதில். அதனால்தான் கடலோரத்துப் பழைய ரகங்கள் பலவும் இரண்டையும் சேர்த்தே தாங்குகின்றன.

உப்பில் இதற்குப் பிறகு இன்னொரு கட்டம் இருக்கிறது. வறட்சியில் அது கிடையாது. தண்ணீரோடு சோடியமும் உள்ளே வந்துவிடுகிறது. சோடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு செல் வேலையைக் கெடுக்கும். இங்கேதான் ரகத்துக்கு ரகம் வித்தியாசம். உப்பு தாங்கும் நெல் சோடியத்தை முழுவதும் வெளியே நிறுத்துவதில்லை, நிறுத்தவும் முடியாது. வேர்த் தோலுக்கு உள்ளே மெழுகுச் சுவர் எழுப்பி வருவதைக் குறைக்கும். அப்படியும் வந்ததை, சாறு மேலே ஏறுகிற குழாயிலிருந்து வழியிலேயே இறக்கிவிடும். மிஞ்சியதை இலை உறையிலும் கீழே இருக்கும் முதிர்ந்த இலைகளிலும் கொண்டுபோய் ஒதுக்கி, செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் அடைத்துவைக்கும். குருத்துக்கும் புது இலைக்கும் பொட்டாசியம் போகும்.

குழாயிலிருந்து சோடியத்தை இறக்குகிற மரபணுவை நோனா பொக்ரா என்ற வங்காளத்துப் பழைய நெல்லில் கண்டுபிடித்தார்கள். கொச்சிக் கடலோரத்துப் பொக்காளி நெல்லிலும் முதல் குரோமோசோமில் அதே பகுதியில்தான் உப்பைத் தாங்கும் குணத்தின் பெரும் பங்கு இருக்கிறது. அந்தப் பகுதிக்கு 'சால்டால்' என்று பெயர். பொக்காளியை வைத்து எத்தனையோ புது ரகம் உருவாக்கியிருக்கிறார்கள். குழியடிச்சானுக்குள் எந்த மரபணு வேலை செய்கிறது என்பது வயல் வரப்பில் நின்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: கீழ் இலைகள் நுனியிலிருந்து கருகி வெள்ளையாகப் போயின, நடுவில் குருத்து மட்டும் பச்சையாக நின்றது. பக்கத்து வயல் சித்தப்பா போட்ட ரகத்தில் குருத்தும் சேர்ந்து மஞ்சளடித்துப் போயிற்று. உப்பு வயலில் நாற்றைப் பார்க்கும்போது கீழ் இலை கருகியதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குருத்தைப் பாருங்கள். குருத்து பச்சையாக இருந்தால் பயிர் பிழைத்துக்கொள்ளும்.

ஐப்பசி மழை விழுந்ததும் பயிர் ஒரே மூச்சில் எழுந்தது. இடுப்புக்கு மேல் வளர்ந்தது. வளர்த்தியே அதற்கு ஒரு மருந்து. உடம்பு பெருகப் பெருக உள்ளே இருக்கும் உப்பு பங்கு போட்டுக் குறைந்துவிடுகிறது. கிட்டத்தட்ட 110 நாள் ரகம் என்பதால் மார்கழி பிறக்கும்போதே பூத்துவிட்டது. மழை நின்று உப்பு ஏற ஆரம்பித்த நேரத்தில் அது பால் பிடித்துக்கொண்டிருந்தது. பதர் விழாமல் இல்லை. ஆனாலும் மாவுக்கு நாலரை மூட்டை வந்தது. பக்கத்து மாவில் திருச்சி 3 மூன்றைத் தொடவில்லை என்பதோடு இதைப் பாருங்கள். பொங்கலுக்கு முன் அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

உரம் ஒன்றும் பெரிதாகப் போடவில்லை. தழைச்சத்து கூடினால் சாய்ந்துவிடும் என்று அந்த அண்ணன் சொல்லியிருந்தார். போடாமலே ஒரு ஓரம் சாய்ந்தது. மெஷின் அறுவடைக்குச் சாய்ந்த பயிர் பெரிய தொந்தரவு. அந்த ஓரத்தை ஆள் வைத்துத்தான் அறுத்தோம், கூலி கூடியது. வைக்கோல் நீளமாக, மெத்தென்று இருக்கிறது. மாடு இதைத் தின்றுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறது. மாடு வைத்திருப்பவர்கள் வைக்கோலையும் விளைச்சலில் சேர்த்தே எண்ண வேண்டும்.

அரிசி சிவப்பு, மோட்டா ரகம். புழுங்கலாக அவித்து, தவிடு முழுசாகப் போகாமல் அரைத்து வாங்கினோம். ராத்திரியே ஊறவைத்தால்தான் காலையில் சோறு பதமாக வேகிறது. சூடாகச் சாப்பிடும்போது பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். மறுநாள் பழைய சோறாகத் தண்ணீர் ஊற்றி, மோரும் சின்ன வெங்காயமுமாக வைத்தபோது பானை காலி. மத்திக் குழம்புக்கு இந்தச் சோறு மாதிரி வேறு இல்லை என்பது மாமியாரின் தீர்ப்பு. அழிக்கச் சொன்னவர்களே இப்போது இதைத்தான் வடிக்கச் சொல்கிறார்கள். கஞ்சிக்கும் நல்லது. இட்லிக்கு நான் போடமாட்டேன், கனத்துவிடுகிறது.

விற்பதில் கொஞ்சம் அலைச்சல் உண்டு. திருச்சி 3ஐ நேராக டிபிசியில், அதாவது அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், போட்டுவிட்டு வந்துவிடலாம். குழியடிச்சானை அங்கே போட்டால் மற்ற மோட்டா நெல்லுக்குக் கிடைக்கிற விலைதான் கிடைக்கும். பாரம்பரிய அரிசி கேட்டு வாங்குகிறவர்களாகத் தேடிப் பிடித்தோம். அவர்கள் மூட்டைக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கொடுத்தார்கள். ஆனால் மொத்தமாக எடுக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தார்கள். கையில் உடனே பணம் வேண்டும் என்கிற வீட்டுக்கு இது சிரமம். உவர் வயலுக்குக் குழியடிச்சானுக்கு ஐந்துக்கு நாலு. அரை மதிப்பெண் சாய்வதற்கும் அரை மதிப்பெண் கலப்புக்கும் குறைத்துக்கொண்டேன். நல்ல தண்ணீர் பாயும் நல்ல வயலில் இதைப் போட்டு விளைச்சல் இல்லை என்று யாரும் குறை சொல்லக் கூடாது. நல்ல வயலில் அதிகம் காய்ப்பது இதன் வேலை இல்லை.

அண்ணா 4 பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 2009இல் வந்த ரகம், 100 முதல் 105 நாள். மேட்டுத் துண்டில், அதே புரட்டாசி மழைக்கு, புழுதியில் விதைத்தது. அங்கே உப்பு இல்லை, தண்ணீரும் இல்லை. முளைத்த பிறகு மழை நின்ற அந்த நாள்களில் இதுவும் சுருண்டு கிடந்து மழை வந்ததும் எழுந்தது. கார்த்திகை மழைக்கு நடுவில் பூத்ததால் கொஞ்சம் பதர் விழுந்தது. ஆனால் மார்கழியில் வறட்சி வந்தபோது இது முற்றிப் பழுக்கத் தொடங்கியிருந்தது. வறட்சியைத் தாங்குவது ஒரு வழி, வறட்சி வருவதற்குள் முடித்துக்கொண்டு போவது இன்னொரு வழி. அண்ணா 4 எங்கள் மேட்டில் இரண்டாவது வழியில் ஜெயித்தது.

அறுத்த பிறகு தாள்களை மண்வெட்டியால் அடியோடு தோண்டிப் பார்த்தேன். அண்ணா 4இன் வேர் மேட்டு மண்ணில் நன்றாக ஆழம் போயிருந்தது. போர்வயல் திருச்சி 3இன் வேர் மேலாகவே பரவிக் கிடந்தது. அந்த மண்ணும் வேறு, பாசனமும் வேறு. அதனால் ரகத்தின் குணம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் வேர் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பது மரபணுவிலேயே இருக்கும் விஷயம். வேரைச் செங்குத்தாகக் கீழே இறக்கும் டிஆர்ஓ 1 என்ற மரபணுவை ஜப்பானியர்கள் 2013இல், பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல் ஒன்றிலிருந்து எடுத்து விளக்கினார்கள். வறட்சிக்கு ஆழமான வேர் வரம். பள்ளவயலில் அதே ஆழம் உதவாது. கீழே போகப் போக உப்பு நீர்தான். இதனால்தான் 'வறட்சியைத் தாங்கும்' என்று எழுதிய விதையை உவர் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்கிறேன். மேட்டுக்கு அண்ணா 4க்கு ஐந்துக்கு நாலு. மாவுக்கு ஆறு மூட்டை, செலவும் குறைவு.

விதைக் கடைக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பையில் ரகத்தின் பெயரும் வயதும் போடுகிறீர்கள். கல்லாப் பக்கத்தில் ஒரு அட்டையில், இந்த ரகம் களருக்கா உவருக்கா, விதைத்து எத்தனையாவது நாளில் பூக்கும் என்ற இரண்டு வரியையும் எழுதி மாட்டுங்கள். எங்கள் பக்கம் ஒரு போகம் போனால் அந்த வருடமே போனது. களர் வயலுக்கு வாங்க வந்தவருக்குத் திருச்சி 3ஐ நிம்மதியாகக் கொடுங்கள். உப்பாற்றங்கரைக்காரர் வந்தால், "உங்களுக்கு இது வேணாம், குழியடிச்சான் கெடைக்குதான்னு பாருங்க" என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்த வருடம் அவர் உங்கள் கடைக்குத்தான் வருவார்.

வருகிற சம்பாவுக்குப் பள்ளவயல் முழுக்கக் குழியடிச்சான்தான். சொந்த விதையே எடுத்து, கலப்பு நீக்கி, குதிரில் வைத்திருக்கிறோம். சித்தப்பாவும் கேட்டிருக்கிறார். அவர் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற கணக்கில் அவருக்கு இரண்டு கிலோ அளந்து வைத்தாயிற்று. போர்வயலில் பாதி திருச்சி 3. மீதிப் பாதியில் அதற்குப் பின் வந்த திருச்சி 4ஐப் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம்.